கன்னத்தில் ஏறிய சூடு

கனகராயன்குளத்தில் வீதியோரமாக நல்லதம்பி நடத்தும் சாப்பாட்டுக் கடையில் அப்பம் சுடுகிறவள் கமலாட்சி. அவள் கைப்பக்குவத்துக்காகவே யாழ்ப்பாணம் போகிற வான்காரர்கள் அங்கே நிறுத்துவார்கள். நாற்பதைத் தாண்டியபோது அவள் கன்னங்களில் எரிவு தொடங்கியது. மாநிறக்காரி என்பதால் சிவப்பு முதலில் யார் கண்ணிலும் படவில்லை. பிறகு மூக்கின் இரு பக்கமும் கருஞ்சிவப்பாகப் படர்ந்து, பருக்களும் கிளம்பின. இந்த வயதில் என்ன பரு என்று சிலர் சிரித்தார்கள். சிலர், யாருடனோ சண்டை பிடித்துவிட்டு வந்து நிற்கிறாள் என்று எண்ணி, இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்கவே தயங்கினார்கள்.

மகள் சிவதர்சினிக்குக் கலியாணம் பேசி முற்றாகியிருந்த நேரம் அது. வவுனியா நகரில் ஒரு கடையில் பெயரில்லாத சின்னப் புட்டியொன்றில் கிரீம் வாங்கிக் கமலாட்சி பூசினாள். கிழமைக்குள் முகம் பளிச்சென்றது. ஆனால் மாதங்கள் போகப்போக, ஒருநாள் பூசாவிட்டாலும் முகத்தில் மிளகாய் அரைத்து அப்பியதுபோல எரிந்தது. தோல் மெலிந்து, நரம்புகள் சிவப்பு நூலாகத் தெரிந்தன.

ஆசுபத்திரியில் தோல் வருத்தம் பார்க்கும் டொக்டரம்மா புட்டியை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். வந்திருப்பது முகம் சிவந்து எரிகிற ரோசாசியா என்றும், கிரீமில் கலந்திருக்கிற மருந்து அதை அமுக்கிவைத்துப் பின்பு மோசமாக்கியிருக்கும் என்றும் சொன்னார்.

“உதை இண்டையோட விடுங்கோ அம்மா. விட்டா முதல் கூடத்தான் செய்யும். பயந்து திரும்பப் பூசிப்போடாதையுங்கோ.”

“முற்றா மாறிச் சுகமாகுமோ?”

“மாறும் எண்டு சொல்லமாட்டன். எது சூட்டைக் கிளப்புதெண்டு கண்டுபிடிச்சு விலகினா அடங்கி இருக்கும்.”

வேறு களிம்பும், வெயிலுக்குப் பூசுவதும் எழுதிக் கொடுத்தார். சொன்னபடியே முகத்தில் சிவப்புக் கூடியது. வீங்கி, தண்ணீர் பட்டாலும் எரிந்தது. கலியாணமோ நெருங்கிவிட்டது. கலியாணத்தன்று விடிய அலுமாரியைத் திறந்து பழைய புட்டியைக் கையில் எடுத்தாள். இன்றைக்கு ஒருநாள் மட்டும்தானே என்று மனம் சொன்னது. மூடியைத் திறக்காமலே கொண்டுபோய்க் குப்பைக் கிடங்கில் எறிந்தாள். மணப்பெண்ணைச் சோடிக்க வந்தவள் தாய்க்கும் பவுடர் அப்ப வந்தபோது, “எனக்கு ஒண்டும் வேண்டாம், பாக்கிறவை பாக்கட்டும்” என்றாள்.

பார்த்தார்கள்தான். சாப்பாட்டுப் பந்தலில் சம்பந்தி அழகம்மா பக்கத்தில் வந்திருந்து, முகத்துக்கு என்ன என்று நேரே கேட்டாள். தோல் வருத்தம், தொத்தாது என்று கமலாட்சி சொன்னாள்.

“என்ர தமையனுக்கும் மூக்கெல்லாம் இப்பிடித்தான். குடிச்சுக் குடிச்சு வந்ததெண்டு சாகுமட்டும் சனம் கதைச்சது. அந்தாள் கள்ளு மணம் பட்டாலே எழும்பி விலகிப் போற ஆள்” என்றாள் அழகம்மா. அவள் தன் இலையிலிருந்த வடையொன்றை எடுத்து கமலாட்சியின் இலையில் வைத்தாள்.

கடைக்குத் திரும்பியதும், எது சூட்டைக் கிளப்புகிறதென்று கமலாட்சி தன்னைத்தானே கவனித்தாள். கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் தேத்தண்ணிதான் முதல் ஆள். அதை ஆறவிட்டுக் குடித்தாள். உறைப்பான சம்பல் அடுத்தது. மத்தியான வெயில் மூன்றாவது, குடையில்லாமல் படியிறங்குவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே அடுப்பு. அதை எப்படி விலக்குவது? தோசைக்கு அரைக்கிற வேலை தரும்படி நல்லதம்பியிடம் கேட்டாள். அப்பத்தை விட்டால் கடையை மூடவேண்டியதுதான் என்று முதலில் அவர் சினந்தார். இரண்டொரு நாள் யோசித்துவிட்டு, அடுப்பைக் குசினிக்குள்ளிருந்து பின்பக்கத்துத் திறந்த தாழ்வாரப் பத்திக்கு மாற்றி, காற்றாடி ஒன்றும் பூட்டினார். சுடுவது காலையில் மட்டும் என்று ஒப்பந்தமானது.

இப்போது முகம் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கிறது. பங்குனி வெக்கையில் மட்டும் ஏறும். அப்படியான நாட்களில் ஈரத்துணியைக் கன்னத்தில் ஒற்றிவிட்டு, மாவை ஊற்றித் தாச்சியைச் சுழற்றுவாள். யாரும் கேட்டால் வருத்தத்தின் பெயரைச் சொல்வாள். கேட்காதவர்களுக்குச் சொல்வதில்லை.