மலைக்காற்று தள்ளிய பந்து

மலையடிவாரத்து வேங்கிக்காலில் என் வீட்டுக்குப் பின்னால் யாரோ சிமெண்ட் தரையில் கூடைப்பந்தைத் தட்டுகிறார்கள். எழுபதுகளில் என் தம்பிகள் இருவரும் பள்ளி மைதானத்தில் இப்படித்தான் தட்டுவார்கள்.

பெரியவன் குமார் தவறவிட்டால், "மலைக்காத்து பந்தைத் தள்ளிடுச்சு" என்பார் அப்பா. சின்னவன் ரவி கூடையில் போட்டால், "குருட்டு லக்குடா!" வேடிக்கை பார்ப்பவர்களும் தலையாட்டுவார்கள். காற்று இருவருக்கும் ஒரே மாதிரிதான் அடித்தது.

ஒரு மாலை ரவி போட்டதெல்லாம் விழுந்தது, அணி ஜெயித்தது. அப்பா குமாரின் தோளில் துண்டைப் போர்த்தினார். "நீ பந்தை சரியா குடுத்த, அதான் ஜெயிச்சோம்." ரவி வியர்வையோடு பார்த்துக்கொண்டே நின்றான். அதன்பின் அவன் ஆடவேயில்லை.

போன வருடம், கணக்கு வாத்தியாராகிவிட்டிருந்த ரவியின் பணி ஓய்வு விழாவில் பழைய மாணவர்கள் அழுதார்கள். மேடையிலிருந்து இறங்கியவன் என்னிடம் மெதுவாகச் சொன்னான்:

"எல்லாம் குருட்டு லக்குதான்க்கா."