அம்மாவின் பின்சக்கரம்

சைக்கிள் ஓட்டித்தான் சம்பளம் வாங்குகிறேன் என்று சொன்னால், ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருக்காரர்கள் முதலில் கேட்பது, "எந்த ஆப்புலம்மா? சாப்பாடா, மளிகையா?" என்பதுதான். நான் சாலைப் பந்தய வீராங்கனை. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த அரசு வேலை. வேலை என்றால் பந்தயம் ஓட்டுவது. பந்தயம் இல்லாத நாட்களில் அடுத்த பந்தயத்துக்காக ஓட்டுவது. இதை விளக்கி முடிப்பதற்குள் கேட்டவருக்கு பஸ் வந்துவிடும். அதனால் சில நாட்கள் "மளிகைங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

வருடத்தில் பாதிக்கு மேல் வெளி மாநிலத்தில் பயிற்சி முகாம். ஒருமுறை முகாம் விடுதியில் மராமத்து வேலை என்று எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரிய பந்தயம் ஒன்று நெருங்கிக்கொண்டிருந்தது. கோச் போனில் சொன்னார்: "வண்டிக்குப் பின்னாடி ஓட்டுற பயிற்சியை மட்டும் விட்டுடாதே. யாராவது ஒருத்தரைப் பிடி."

ஒரு ஸ்கூட்டரோ பைக்கோ முன்னால் போகும். அதன் பின்சக்கரத்தை ஒட்டினாற்போல நான் சைக்கிளில் போக வேண்டும். எதிர்க்காற்றை வண்டி வாங்கிக்கொள்வதால், தனியாக ஓட்டினால் எட்டவே முடியாத வேகத்தை என் கால்கள் எட்டும். அந்த வேகத்துக்குப் பழகும். வண்டி ஓட்டுகிறவர் செய்ய வேண்டியது, வேகத்தை ஒரே சீராக வைத்திருப்பது, சட்டென்று பிரேக் போடாமல் இருப்பது. அவ்வளவுதான்.

சித்தப்பா மகன் வருவதாகச் சொன்னான். முதல் நாள் விடியற்காலை போனை எடுக்கவில்லை. இரண்டாம் நாள் போனையே அணைத்து வைத்திருந்தான். அப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மிச்சம் இருந்தது அம்மா.

அம்மா பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியை. தினமும் ஸ்கூட்டரில் டவுனுக்குப் போய் வருகிறவள். காவிரிப் பாலத்தில் அம்மாவை முந்தாத வாகனம் கிடையாது. எனக்கு இந்த வேலை கிடைத்தபோது, "படிச்ச படிப்புக்கு சைக்கிளா?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு பேசினாள். ஆனால் என் பந்தயம் எதையும் வந்து பார்த்ததில்லை.

"நாப்பத்தஞ்சுல போகணும்மா" என்றேன்.

"கிலோமீட்டரா?"

"பின்ன, வயசா?"

"அந்த வேகத்துல போனா எங்க போய்ச் சேருவோம் தெரியுமாடி?"

"முசிறி."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் சம்மதம்.

மறுநாள் விடிந்ததும் கொள்ளிடம் பாலம் தாண்டி, டோல்கேட்டில் திரும்பி, முசிறி ரோட்டைப் பிடித்தோம். அம்மா துப்பட்டாவை இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "பின்னாடி இருக்கியா?" என்று கத்திக்கொண்டே ஓட்டினாள். நான் இருந்தேன். வேகம் முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்திரண்டு என்று ஏறியது. கால்கள் அழகாகச் சுழல ஆரம்பித்தன. அப்போது சாலையோரத்தில் ஒரு பிள்ளையார் கோவில் வந்தது.

கன்னத்தில் போட்டுக்கொள்ள அம்மா வலது கையை எடுத்தாள். ஆக்ஸிலேட்டர் இருப்பது வலது கையில். ஸ்கூட்டர் பொசுக்கென்று தளர, என் முன்சக்கரம் அம்மாவின் நம்பர் பிளேட்டை முத்தமிடாத குறை.

"அம்மா, கையை எடுக்காதே!"

"சாமிம்மா!"

"இடது கையால போட்டுக்கோயேன்!"

"வாய்ல நல்லா வருது எனக்கு!"

அந்த ரோட்டில் பிள்ளையாருக்குப் பஞ்சமில்லை. அவர் விட்ட இடத்தில் மாரியம்மன், மாரியம்மன் விட்ட இடத்தில் ஐயனார். அன்றைக்கு நான் செய்தது வேகப் பயிற்சி அல்ல, பிரேக் பயிற்சி. வீட்டுக்கு வந்து பேச்சுவார்த்தை நடத்தினேன். இரவு அம்மா வெகுநேரம் பூஜை அலமாரி முன் நின்றாள். வெளியே வந்து, "வழியில தலையை மட்டும் ஆட்டுவேன், கோச்சுக்காதேன்னு எல்லாருக்கும் பொதுவா சொல்லிட்டேன்" என்றாள்.

அதற்குப் பிறகு பயிற்சி உருப்பட்டது. அம்மா வகுப்பெடுப்பதுபோல் வண்டி ஓட்டப் பழகினாள். ஒரே குரல், ஒரே வேகம். குழி வந்தால் இடது கையை நீட்டிக் காட்டுவாள். லாரி வந்தால் தோளை உயர்த்துவாள். அந்த முதுகை நான் அத்தனை நேரம் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியம் வரை போனோம். அங்கே வாழைத்தோப்பு வைத்திருக்கும் அம்மாவின் சிநேகிதி எங்களைச் சும்மா அனுப்பவில்லை. ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் ஒரு வாழைத்தாரை நிறுத்திக் கட்டிவிட்டார். அந்தக் கோலத்தில் திரும்பி வரும்போது, முசிறி தாண்டி ஒரு போலீஸ்காரர் அம்மாவைக் கைகாட்டி நிறுத்தினார்.

"மேடம், பின்னாடி ஒரு பொண்ணு உங்களை ரொம்ப நேரமா துரத்திட்டு வருது. கவனிச்சீங்களா? எதையாவது எடுத்துட்டு வந்துட்டீங்களா?" என்று தாரைப் பார்த்தார்.

"அது என் பொண்ணுங்க. நான்தான் அவளை இழுத்துட்டுப் போறேன்."

அவர் குனிந்து இரண்டு வண்டிக்கும் நடுவில் பார்த்தார். "கயிறு எங்க?"

அம்மாவுக்குள்ளிருந்த ஆசிரியை விழித்துக்கொண்டாள். "கயிறு வேண்டாம், காத்து போதும். இப்ப நீங்க பஸ்ல போறீங்க. ஜன்னலுக்கு வெளிய கையை நீட்டுறீங்கன்னு வைங்க..."

"நீட்டக் கூடாதுங்க மேடம்."

"ஒரு பேச்சுக்குங்க."

"பேச்சுக்குக்கூட நீட்டக் கூடாது."

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, நடுரோட்டில் தன் கைப்பையையும் ஒரு வாழைப்பழத்தையும் வைத்து விளக்கினாள். கைப்பை ஸ்கூட்டர், பழம் நான். அவர் உண்மையிலேயே அக்கறையாகக் கேட்டார். கடைசியில் பழத்தை வாங்கிக்கொண்டு, "புரியுதுங்க. ஆனா பார்த்துப் போங்க, அந்தப் பொண்ணுக்கு ரொம்ப மூச்சு வாங்குது" என்று வழிவிட்டார்.

புரிந்துகொண்ட மாணவர் கிடைத்த உற்சாகமோ என்னவோ, கிளம்பியதும் அம்மா வண்டியை முறுக்கினாள். குணசீலம் வரும் முன்பே என்னால் முடியவில்லை. முதலில் ஒரு கை தூரம் விட்டேன். பிறகு ஒரு லாரி தூரம். காற்று வந்து முகத்தில் அறைந்தது. பச்சை ஸ்கூட்டரும் வாழைத்தாரும் சின்னதாகிக்கொண்டே போய் வளைவில் மறைந்தன. சைக்கிள்தான் தொழில் என்று இருக்கிற என்னை, தொழில்முறையாக என் அம்மா கழற்றிவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு டீக்கடை வாசலில் மோர் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "எங்கடி போனே? சரியா நாப்பத்தஞ்சுலதானே வந்தேன்?"

"அம்பத்தி ரெண்டும்மா."

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நான் வாங்கிய தம்ளரிலிருந்து பாதி மோர் என் சட்டையில் கொட்டியதைப் பார்த்துவிட்டாள். தம்ளரை வாங்கி அவளே என் வாயருகில் பிடித்தாள். நெற்றியில் காய்ந்திருந்த உப்பைத் துப்பட்டா நுனியால் துடைத்தாள்.

"தினமும் இப்படித்தானா?"

"பந்தயத்துல இதைவிட மோசமா இருக்கும்."

காலித் தம்ளரைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். "அந்தப் பந்தயம் எங்கன்னு சொன்னே? நானும் வரேன்" என்றாள்.

வந்தாள். வடக்கே ஒரு ஊரின் புறவழிச் சாலையில் பந்தயம். போகிற போக்கில் எங்களுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டுவதற்கென்று ஓர் இடம் உண்டு. அங்கே நிற்க வேண்டிய உதவியாளருக்குக் காய்ச்சல். கோச் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஏற்கெனவே எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்பும் சர்க்கரையும் போட்டு இரண்டு பாட்டில் தயாராக வைத்திருந்தாள்.

கடைசிச் சுற்றில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, நான் அந்த இடத்தை நெருங்கினேன். எனக்கு முன்னால் பஞ்சாபிலிருந்து வந்த ஒருத்தி. தூரத்தில் அம்மா பாட்டிலைச் சரியான உயரத்தில் பிடித்தபடி நிற்பது தெரிந்தது. முன்னால் போனவள் "ஆன்ட்டி!" என்று கையை நீட்டினாள். அம்மா கொடுத்துவிட்டாள்.

அம்மாவின் வெறுங்கையைப் பார்த்தபடி நான் கடந்து போனேன். "இருடி, இன்னொண்ணு இருக்கு!" என்று பைக்குள் கைவிட்டபடி அவள் கத்தியது பின்னால் கேட்டது.

அந்தப் பெண் மூன்றாவதாக வந்தாள். நான் நான்காவது.

முடிந்ததும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அம்மாவிடம் போனேன். "உன் பொண்ணு யாருன்னு தெரியலையா?"

"ஏன் தெரியாது? பின்னாடி வந்தே, பார்த்தேன். அந்தப் பொண்ணு வாயெல்லாம் வெடிச்சுப்போய், ஆன்ட்டின்னு கையை நீட்டுது. நான் என்ன, எந்த ஊரும்மா நீன்னு விசாரிச்சுட்டா கொடுக்க முடியும்?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அதற்குள் அந்தப் பெண் காலி பாட்டிலோடு எங்களைத் தேடி வந்துவிட்டாள். கழுத்தில் வெண்கலப் பதக்கம். குனிந்து அம்மாவின் காலைத் தொட்டாள். அம்மாவுக்கு இந்தி வராது. "நல்லா இரு. சாப்பிட்டியா?" என்று தமிழிலேயே கேட்டாள். அவள் என்ன புரிந்துகொண்டாளோ, பலமாகத் தலையாட்டினாள். இரண்டாவது பாட்டிலைத் திறந்து நான் ஒரே மூச்சில் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஊர் திரும்பிய வாரம் கோச்சிடமிருந்து போன் வந்தது. எனக்கல்ல. "அம்மாகிட்டக் குடு" என்றார்.

நான் முகாமுக்குத் திரும்பி மூன்று மாதமாகிறது. கோச் அன்று கேட்டுக்கொண்டபடி, உறையூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி இப்போது ஞாயிறுதோறும் அம்மாவுக்குப் பின்னால் ஓட்டுகிறாள். அம்மா வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறாள்: "இவ உன்னை மாதிரி புலம்பறதில்ல. நாப்பத்தெட்டு வரைக்கும் ஒட்டிட்டு வரா, தெரியுமா?"

அதைக் கேட்ட அன்று, கோச் சொல்லாமலேயே இன்னும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தேன்.