ராத்திரி ஒன்பது மணி வெயிலில் ஒரு சாப்பாடு

போன வருடம் ஜூன் மாதம் நடந்தது இது. காஞ்சிபுரத்தை ஒட்டியிருக்கும் திருப்பருத்திக்குன்றத்திலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் வாழ்க்கையில் முதல்முறையாக விமானம் ஏறி, ஸ்வீடனில் வேலை பார்க்கும் எங்கள் மகளைப் பார்க்கப் போனோம்.

நாங்கள் ஜைனர்கள், விவசாயக் குடும்பம். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை என்பது எங்கள் வீட்டு நியமம். விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் அதை விட்டதில்லை. ஜுரமாக இருந்தாலும் சரி, கல்யாண வீடாக இருந்தாலும் சரி, விளக்கு வைப்பதற்குள் கை கழுவிவிடுவேன். இதனால் எனக்கு ஒரு கஷ்டமும் இருந்ததில்லை, மகள் வேலைக்குப் போகும்வரை.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. கம்பெனி பஸ் அவளைக் கொண்டுவந்து விடும்போது இருட்டி வெகுநேரம் ஆகியிருக்கும். நாங்கள் இருவரும் எப்போதோ சாப்பிட்டு முடித்திருப்போம். அவளுக்கு மட்டும் தட்டு வைத்துப் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பேன். வேலைக்குப் போகிற பெண், நியமத்தை விட்டுவிட்டாளே என்று அவளைக் கோபித்துக்கொண்டதில்லை. பசியோடு வருகிறவள் பட்டினி கிடக்க முடியுமா? ஆனால் என்னால் விட முடியவில்லை.

"நீ பாத்துக்கினே இருந்தா எனக்கு எப்டிமா சோறு எறங்கும்? ஒரே ஒரு நாள் என்கூட உக்காந்து ராத்திரி சாப்பாடு சாப்பிடேன்" என்பாள்.

லீவு நாளில் எங்களோடு சாயங்காலம் ஐந்தரை மணிக்கே தட்டு முன்னால் உட்காருவாள். பசி இருக்காது, பேருக்குக் கொறிப்பாள். வாயே திறக்க மாட்டாள். ஆபீஸ் கதையெல்லாம் அவளுக்கு ராத்திரிச் சோற்றோடுதான் வரும். மேனேஜர் மாதிரி பேசிக் காட்டுவாள், சிரித்துச் சிரித்துப் புரையேறும். நான் வெறுங்கையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று, அதைக் கொடுக்க முடியவில்லையே என்று மனசு அடித்துக்கொள்ளும்.

அப்புறம் கம்பெனியே அவளை ஸ்வீடனுக்கு அனுப்பிவிட்டது. அங்கே தனி வீடு, தனிச் சமையல். போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு எதையாவது பார்த்தபடி சாப்பிடுவாளாம். கேட்டதிலிருந்து எனக்கு இங்கே சோறு சோறாக இல்லை.

முதலில் டிசம்பரில் வரச் சொன்னாள். "அங்க மூணு மணிக்கே இருட்டிடுதுன்னு நீதானடி சொன்ன? ரெண்டரைக்கே ராத்திரி சாப்பாட்டை முடிச்சிட்டு மோட்டுவளையைப் பாத்துக்கினு படுத்திருக்கவா?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்போ ஜூன்ல வாம்மா. ஜூன்லதான் வரணும்" என்றாள்.

ஜூனில் மாங்காய் இருக்கிறதே, யார் பார்ப்பது என்றேன். மாங்காயைப் பிறகு பார்க்கலாம் என்று ஒரே பிடிவாதம். ஏன் என்று கேட்டால் டிக்கெட் விஷயத்துக்குப் பேச்சைத் திருப்பிவிடுவாள். குளிர் குறைவாக இருக்கும் போலிருக்கிறது, அம்மாவுக்குத் தாங்காது என்று நினைக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

டிக்கெட் போட்ட நாளிலிருந்து எங்கள் வீடு கல்யாண வீடாகிவிட்டது. தினமும் போனில் மகளின் உத்தரவு வரும். நெய் கூடாது, பால்கோவா கூடாது, பால் சேர்ந்த எதுவும் அந்த நாட்டுக்குள் வரக் கூடாதாம். ஆசை ஆசையாகக் காய்ச்சிய நெய் அடுத்த வீட்டுக்குப் போயிற்று. பருப்புப் பொடி, கருவேப்பிலைப் பொடி, கொத்தவரங்காய் வத்தல் எல்லாம் போகலாம். ஆனால் நம் இஷ்டத்துக்குக் கவரில் போட்டு முடிச்சுப் போடக் கூடாது. டவுனுக்கு எடுத்துப் போய், கவர் வாயை மெஷினில் ஒட்டி, மேலே இன்ன பொடி என்று இங்கிலீஷில் எழுதி வாங்கி வந்தோம். பேர் இல்லாத பொடியைப் பார்த்தால் அதிகாரிகள் என்ன நினைப்பார்களோ!

பெட்டியை நெல் மூட்டை போடும் தராசில் ஏற்றினோம். முள் போய்க்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவி, அடியிலிருந்து என் இரும்பு உரலை வெளியே எடுத்தார்.

"ஏம்மா, மிளகு இடிக்கறதுக்கு அந்த நாட்டுல ஒண்ணுமே இருக்காதா?"

"இருந்துட்டுப் போவட்டும். அது என் உரலா?" என்றேன். ஆனாலும் உரல் வீட்டிலேயே நின்றுவிட்டது.

அவர் மட்டும் என்ன ஒழுங்கா? பத்திரமாக இருக்கட்டும் என்று இன்ஷூரன்ஸ் காகிதம், மகளின் அழைப்புக் கடிதம், சர்க்கரை மாத்திரை, டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் பெரிய பெட்டிக்குள் போட்டுப் பூட்டியிருந்தார். பெரிய பெட்டி நம்மோடு வராது, அது விமானத்தின் வயிற்றுக்குள் போய்விடும் என்று மகள் போனில் கத்திய பிறகு எல்லாம் கைப்பைக்கு மாறின. பெட்டி வந்து சேராவிட்டால் என்று ஒரு மாற்று உடுப்பும் கைப்பையில் வைத்தோம். தெருக்கோடி நெசவு வீட்டு அம்மா வழியனுப்ப வந்தவர், பெட்டிகளின் கைப்பிடியில் அரக்குப் பட்டு நூலைத் திரித்துக் கட்டினார். "கறுப்புப் பொட்டி எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்மா, இதைப் பாத்து எடுத்துக்கோ" என்றார். அந்த நூல் எவ்வளவு உதவியது என்று பின்னால் தெரிந்தது.

இத்தனை ஏற்பாட்டிலும் நானே யோசித்துச் செய்த ஒன்று உண்டு. ஊர் மாற மாற நேரம் மாறுமாமே, அதில் குழம்பி எங்கேயாவது பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட்டுவிட்டால்? அதனால் கைக்கடிகாரத்தைக் காஞ்சிபுரம் நேரத்திலேயே வைத்துக்கொள்வது, அதில் ஆறு மணி அடித்தால் உலகத்தில் எங்கே இருந்தாலும் கை கழுவிவிடுவது என்று முடிவு செய்தேன். பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

சென்னை விமான நிலையத்திலேயே முதல் கூத்து. வீட்டில் காய்ச்சி வடிகட்டிய தண்ணீரைப் பெரிய பாட்டில் நிறையக் கொண்டு போயிருந்தேன். சோதனை செய்யும் இடத்தில் அது போகாது, கொட்டிவிடுங்கள் என்றார்கள். காய்ச்சிய தண்ணீரைக் கொட்டவாவது! அங்கேயே நின்று மடக் மடக்கென்று முழுசையும் குடித்தேன். வரிசையே வேடிக்கை பார்த்தது. காலி பாட்டிலைத் தாராளமாகக் கொண்டு போகலாம், உள்ளே போய் நிரப்பிக்கொள்ளலாம் என்று அந்தப் பெண் காவலர் சிரித்துக்கொண்டே சொன்னார். தண்ணீரில் இருக்கும் சின்ன உயிர் எதுவும் வாய்க்குள் போய்விடக் கூடாது என்று நாங்கள் வடிகட்டித்தான் குடிப்போம்; உள்ளே போய்க் குழாயில், அதற்கென்றே கொண்டு போயிருந்த வெள்ளைத் துணியைக் கட்டி வடிகட்டிப் பிடித்தேன். அதையும் நான்கு பேர் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

டிக்கெட் போடும்போதே ஜைனச் சாப்பாடு வேண்டும் என்று சொல்லி வைக்கலாமாம். மகள் சொல்லியிருந்தாள், கிளம்ப இரண்டு நாள் முன்பு கூப்பிட்டு உறுதியும் செய்திருந்தாள். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் இல்லாத சாப்பாடு எங்கள் இருக்கை தேடி, மற்றவர்களுக்கெல்லாம் முன்னாலேயே வந்தது. முதல் விமானத்தில் ராஜ மரியாதைதான்.

வளைகுடாவில் இறங்கி அடுத்த விமானம் ஏறினோம். கடிகாரத்தில் ஆறு மணி ஆவதற்குள், வீட்டிலிருந்து கொண்டுபோன மிளகு சீரக இட்லியையும் அவர்கள் கொடுத்ததையும் சாப்பிட்டு முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். ஆறரை ஆயிற்று, ஜன்னலில் வெயில். ஏழரை ஆயிற்று, அப்போதும் வெயில். எட்டரைக்கு விமானப் பணிப்பெண் சுடச்சுட இன்னொரு தட்டோடு வந்து நிற்கிறாள்! நான் கடிகாரத்தைக் காட்டி வேண்டாம் என்று தலையாட்டினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. என் வீட்டுக்காரரோ தட்டை வாங்கிப் பிரித்தே விட்டார்.

"இன்னாங்க இது, மணி எட்டரை!"

"வெளிய பாரு. வெயில் கண்ணைக் குத்துது. நான் சூரியனைப் பாத்து சாப்பிடறேன்மா, உன் கடிகாரத்தைப் பாத்து இல்ல" என்று சொல்லிவிட்டு ரசித்து ரசித்துச் சாப்பிட்டார். நான் வேண்டாம் என்ற தட்டிலிருந்த இனிப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு வந்ததே கோபம்! இறங்கும்வரை அவரோடு பேசவில்லை. வயிறு மட்டும் பேசிக்கொண்டே இருந்தது.

இறங்கி, அதிகாரி கேட்ட காகிதங்களைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு வெளியே வந்தால், சுற்றும் பட்டையில் ஒரே கறுப்புப் பெட்டிகள். அரக்குப் பட்டு நூல் தூரத்திலேயே கண்ணில் பட்டது. பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்ததும் மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மெலிந்திருந்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு, சாப்பிட்டாயா என்றுதான் கேட்டேன்.

"இல்லமா. உனக்காகத்தான் வெயிட் பண்றேன்."

வழியெல்லாம் இதே யோசனை. இவ்வளவு தூரம் வந்தும் அவள் சாப்பிட, நான் எதிரில் சும்மா உட்கார்ந்திருக்கப் போகிறேன். அதற்கு நம் ஊரிலேயே இருந்திருக்கலாமே!

வீட்டுக்குள் நுழைந்தபோது என் கடிகாரத்தில் நடுராத்திரி தாண்டியிருந்தது. மேஜை மேல் மூன்று தட்டுகள். கோஸ் பொரியல், பயத்தம்பருப்புக் கூட்டு, மிளகு ரசம், எல்லாம் நம் முறைப்படி. மகள் என் கையைப் பிடித்துக் கடிகாரத்தைக் கழற்றினாள். ஜன்னல் திரையை முழுசாக விலக்கினாள். மஞ்சள் வெயில் நேராக வந்து தட்டுகளின் மேல் விழுந்தது.

"இப்போ இங்க மணி ராத்திரி ஒன்பதுமா. பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது. ஜூன்லதான் வரணும்னு நான் ஏன் அடம் பிடிச்சேன்னு இப்போ தெரிஞ்சுதா?"

நியமம் என்னுடையது, கஷ்டமும் என்னுடையது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இந்தப் பெண் அதை உடைக்கச் சொல்லாமல், அதற்குள்ளேயே ஒரு வழி தேடி, உலகத்தில் எந்த மாதம் எந்த நேரத்தில் அம்மாவோடு உட்காரலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்.

"நான் பிளேன்லயே சொன்னேன், கேட்டாளா?" என்றார் என் வீட்டுக்காரர். அவரை ஒரு முறை முறைத்துவிட்டு மேஜையில் உட்கார்ந்தேன்.

பெட்டியைத் திறந்து பருப்புப் பொடியை எடுத்தேன். மகள் சுடுசோற்றில் போட்டு, நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து, முதல் வாயை எடுத்து வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் ஆரம்பித்தாள் ஆபீஸ் கதையை. இந்த ஊர் மேனேஜர் வாயே திறக்க மாட்டாராம், காபி குடிக்கும்போது மட்டும் பேசுவாராம். அவர் மாதிரியே முகத்தை வைத்துக் காட்டினாள். எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. வாயில் சோற்றோடு அவள் கதைக்கு நான் சிரித்தது அன்றைக்குத்தான் முதல்முறை. ரசத்தை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். மூன்று பேரும் கை கழுவிவிட்டு ஜன்னலோரம் நின்று, பொழுது சாய்வதைப் பார்த்தோம்.

அங்கே இருந்தவரை தினமும் அப்படித்தான். ஒரு நாள்கூட அவள் தனியாகச் சாப்பிடவில்லை. திரும்பும்போது கடிகாரத்தை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன், நம் ஊர் மணி பார்த்துக்கொள்ளட்டும் என்று.

ஊருக்கு வந்ததும், இனி அடுத்த ஜூன்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் டிசம்பரில் ஒரு நாள் சாயங்காலம், நாங்கள் தட்டு வைக்கும் நேரத்துக்கு வீடியோ கால் வந்தது. மகள் ஆபீஸ் சாப்பாட்டு அறையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நமக்கு ஐந்தரை மணி ஆகும்போது அங்கே மத்தியானம் ஒரு மணியாம். நான் கொடுத்த கடிகாரத்தைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறாள்! ஊர் உலகத்தைப் போல நான் ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிடுகிறவளாக இருந்தால் இது நடந்திருக்காது; அப்போது அங்கே சாயங்காலம் நாலரை, அவளுக்குச் சாப்பாட்டு வேளையே இல்லை.

இப்போது வெளிநாடு கிளம்புகிறவர்கள் எங்கள் தெருவில் என்னிடம்தான் யோசனை கேட்க வருகிறார்கள். மாத்திரை கைப்பையில், பொடிக்குப் பேர் எழுது, பாட்டில் காலியாக இருக்கட்டும், பெட்டியில் நூல் கட்டு என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லி அனுப்புகிறேன். ஐந்தரை மணி ஆகிவிட்டால் மட்டும் யார் வந்தாலும் சீக்கிரம் அனுப்பிவிட்டு, போனைச் சொம்பில் சாய்த்து வைத்துத் தட்டு முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிடுகிற என் நியமம்தான் என்னை மகளின் தட்டிலிருந்து பிரித்து வைத்தது என்று பல வருடம் வருந்தியிருக்கிறேன். இன்று அதே நியமத்தால்தான் தினமும் அவளோடு சாப்பிடுகிறேன்.