லட்சம் பேர் பார்த்த இடம்

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சித்திரை மாசம், தூத்துக்குடிக்கு வடக்கே எங்க கடற்கரை ஊர்ல நடந்தது இது. என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர். மூச்சடக்கி முங்கி, பெரிய சங்கை மட்டும் எடுப்பாங்க, சின்னதை விட்டுருவாங்க. சங்கு கிடக்கிற இடத்தை வெளியாளுக்குச் சொல்றதே கிடையாது.

அந்த இடத்துலதான் ஒரு கம்பெனி கழிவுத்தண்ணிக் குழாய் இறக்கப் போறதா பேச்சு வந்தது. "அங்க வெறும் மணல்தான், உயிரே இல்லை"ன்னு கூட்டம் போட்டுக் கூசாம சொன்னாங்க. எனக்கு வந்துச்சே ஆத்திரம்! ஊருக்காக ஃபேஸ்புக் பக்கம் நடத்துறது நான்தான். போனைப் பிளாஸ்டிக் உறையில போட்டு வீட்டுக்காரர்கிட்டக் கொடுத்தேன். கடலடிப் புல்லு, மீன் கூட்டம், சங்குன்னு எல்லாத்தையும் எடுத்துட்டு வந்தார். கடைசியில அவர் சங்கோட மேலே வந்து சிரிக்கிறதைப் படகுல இருந்தவங்க எடுத்திருந்தாங்க.

"ஏளா, கரை தெரியுற துண்டை வெட்டிரு"ன்னார். நான் வெட்டலை. பின்னால கம்பெனியோட புகைக்கூண்டு அவ்வளவு தெளிவா தெரிஞ்சுது. எதிரி யாருன்னு உலகம் பார்க்கட்டுமேன்னு அப்படியே போட்டுட்டேன். பெரிய விவரக்காரின்னு நினைப்பு எனக்கு!

ரெண்டே நாள்ல லட்சம் பேர் பார்த்தாங்க. பாராட்டு குவிஞ்சுது, எனக்குத் தலைகால் புரியலை. அடுத்த வாரம் கம்ப்ரசர் காத்தைக் குழாய்ல இழுத்துக்கிட்டு மணிக்கணக்கா முங்குற வெளியூர்ப் படகுங்க வந்து, பெருசு சின்னதுன்னு பார்க்காம மொத்தமா வாரிட்டுப் போயிருச்சு. நம்ம ஆளுங்க விரட்டப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது.

ஊர்க்கூட்டத்துல ஒரு பெரியவர் வீடியோவைக் காட்டிக் கத்தினார்: "கோயில் கோபுரம், புகைக்கூண்டு, தண்ணித்தொட்டி மூணும் தெளிவா நிக்கே! இது மூணையும் நேர்பார்த்துத்தான கடல்ல நாமளே இடம் பிடிக்கோம்? யாருல இதைப் போடச் சொன்னது?"

வீட்டுக்காரர் எழுந்தார். "அவளைச் சொல்லாதிய. நாந்தான் பார்த்துட்டுப் போடுன்னேன்."

அப்புறம் கம்பெனி கூட்டிட்டு வந்த ஆளுங்க முங்கிப் பார்த்துட்டு, சங்கே இல்லைன்னு எழுதிட்டுப் போனாங்க. இந்தத் தடவை அவங்க சொன்னது பொய் இல்லை. குழாய் இறங்கிருச்சு. படகுல யாரும் சேர்த்துக்காததால, என் வீட்டுக்காரர் இப்ப துறைமுகத்துல மூட்டை தூக்குறார். என்னை ஒரு வார்த்தை வைததில்லை.

ஊர் உலகத்துக்கெல்லாம் நியாயம் பேசின எனக்கு, அன்னைக்கு எழுந்து "நாந்தான்"னு சொல்ல வாய் வரலை. இடத்தைக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான்னு ஊர் பேசுறதை இன்னைக்கும் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.