கோழியைக் கழுவலாமா

இத்தாலியில், சீசா என்ற பேட்டையில், எங்கள் சமையலறை ஒரு ஆள் நின்றாலே நிறைந்துவிடும். அந்த ஞாயிறு காலை அதற்குள் மனைவி, மகள், நான், ஒரு கோழி. கோழி மட்டும்தான் வாய் திறக்கவில்லை.

மனைவி பராமரிக்கும் இத்தாலியப் பெரியம்மா, சின்யோரா, எண்பதைத் தாண்டியவர். எங்கள் வீட்டுக் கோழிக்கறி வேண்டுமென்று குழந்தைபோல அடம்பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய மகன் கடைசியில் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: அம்மாவின் வயிறு கொஞ்சம் கலங்கினாலும் வேலைக்கு வேறு ஆள். அந்த வேலையை நம்பித்தான் மனைவியின் வதிவிட அனுமதி, பெர்மெசோ, இருந்தது. எங்கள் இத்தாலி முழுவதும் அன்று அந்தச் சட்டிக்குள் கிடந்தது.

மனைவி குழாயை முழுக்கத் திறந்தாள். மன்னார்க்காரி, தண்ணீர் தெளியும்வரை அலசாத இறைச்சி அவளுக்கு உணவே அல்ல. கோழியின் முதுகில் விழுந்த நீர் வெயிலில் பொடிப்பொடியாய்ச் சிதறியது. சுவரில், கோப்பைகளில், நறுக்கி வைத்த சலாட்டில், அந்தோனியார் படத்தில் எல்லாம் சின்னச் சின்ன வானவில்.

"மா கே ஃபாய்! என்னம்மா செய்யிறியள்?" மகள் பாய்ந்து குழாயை மூடினாள். சமையல் பள்ளியில் படிக்கிறவள். "பச்சைக் கோழியைக் கழுவக்கூடாது. கிருமி தண்ணியோட தெறிச்சு எல்லா இடமும் போகும். வடிவா அவிஞ்சாத்தான் அது சாகும்."

"கழுவாமல் சமைக்கிறதோ? குளிக்கவும் வேண்டாம் எண்டு அங்கை சொல்லித் தாறவையோ?"

"சின்யோராவுக்கு வயித்தால போனா பிறகு அழாதேங்கோ."

"இஞ்சருங்கோ, நீங்கள் ஏன் மரம்மாதிரி நிக்கிறியள்? கதையுங்கோவன்!"

"ரெண்டு பேர் சொல்லுறதும் சரிதான்," என்றேன். அந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒன்றுசேர்ந்து என்னை முறைத்தார்கள்.

பிறகு சமாதானம். குழாய் திறக்கக்கூடாது; ஆழமான சட்டியில் தேசிக்காய்ப்புளியும் மஞ்சளும் கலந்த தண்ணீருக்குள் கோழியை அலுங்காமல் புரட்டி எடுக்கலாம். சலாட் குப்பைக்குப் போனது. தெறித்த இடமெல்லாம் துடைக்கும் வேலை எனக்கு. மாடிப்படி துடைத்துப் பிழைப்பவன் நான். குளோரினில் கஞ்சத்தனம் காட்டவில்லை. நீச்சல் குளத்துக்குள் கலியாணவீடு நடப்பதுபோல வீடு மணத்தது.

கறி கொதித்தது. மகள் ஒரு துண்டுக்குள் வெப்பமானியைக் குத்தினாள்.

"கோழிக்குக் காய்ச்சலோ?" என்றாள் மனைவி. அப்படியே குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கினாள்.

"அம்மா! கரண்டி!"

"கரண்டிக்கு உப்புத் தெரியுமோடி?"

சொன்னாளே தவிர, போய்க் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள்.

மதியம் மகன் தாயைக் கூட்டிவந்தார். மூக்கைச் சுருக்கினார், கதிரையைத் துடைத்தார், தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். சின்யோரா எங்களைப் பார்த்துக் கையால் சாப்பிட்டார். விரல் நுனிகள் மஞ்சளாகி, ஐந்து சின்ன விளக்குகள்போல இருந்தன. திரும்பவும் கேட்டார். மிச்சக் கறியை மகள் உடனே சின்னப் பெட்டிகளில் போட்டு ஃபிரிட்ஜுக்குள் வைத்தாள்.

திங்கள் காலை தொலைபேசி அடித்தது. சின்யோரா வீட்டு இலக்கம். மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள்; எடுக்கவில்லை. நான் எடுத்து ஒலிபெருக்கியில் போட்டேன். மறுபக்கத்தில் கிழவி சிரித்துக்கொண்டிருந்தார். தனக்கு ஒன்றுமில்லையாம். மகன்தான் விடியற்காலையிலிருந்து கழிவறையைவிட்டு வெளியே வரவில்லை. நேற்று எங்கள் வீட்டிலிருந்து நேரே கடற்கரைக்குப் போய், எலுமிச்சை பிழிந்து பச்சை மட்டி தின்றிருக்கிறார். வந்து ஏதாவது காய்ச்சிக்கொடுக்க முடியுமா?

மனைவி செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். என்னால் இருக்க முடியவில்லை. மத்தியானம் நானே அவளுக்குப் போன் எடுத்துக் கேட்டேன்: "கஞ்சி குடிச்சவரோ?"

"ஓம். இப்ப திரும்பவும் கோப்பையை நீட்டிக்கொண்டு இருக்கிறார்," என்றாள் அவள். "போனை வையுங்கோ, ஆறப்போகுது."