ஆறாவது பெயர்

1998 மார்ச் 6. பரிசு 9,000 டாலர். பதினான்கு குதிரைகள். வெங்கடசாமி ஒன்பதாவது.
2005 மார்ச் 4. பரிசு 12,000 டாலர். பன்னிரண்டு குதிரைகள். வெங்கடசாமி மூன்றாவது.
2012 மார்ச் 2. பரிசு 11,000 டாலர். பத்துக் குதிரைகள். வெங்கடசாமி கடைசி.
2019 மார்ச் 1. பரிசு 15,000 டாலர். எட்டுக் குதிரைகள். வெங்கடசாமி இரண்டாவது, தலையளவு வித்தியாசம்.
2025 மார்ச் 7. பரிசு 22,000 டாலர். ஆறு குதிரைகள். வெங்கடசாமி முதலாவது.

எல்லாம் ஒரே கோப்பைக்கான பந்தயங்கள்தான். ஆக்லாந்தில் மார்ச் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை மாலை நடக்கும் அதற்கு மார்ச் கோப்பை என்றே பெயர். குதிரையின் முதுகில் ஆள் ஏறுகிற பந்தயம் அல்ல. குதிரைக்குப் பின்னால் இரண்டு சக்கரம் வைத்த லேசான வண்டி. அதில் காலை முன்னே நீட்டி உட்கார்ந்துகொண்டு ஓட்ட வேண்டும். குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகக் கூடாது. ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து, பிறகு மறுபக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து விழவேண்டும். அந்த நடை தப்பினால் இழுத்துப் பிடித்துச் சரிசெய்வதற்குள் மற்றவர்கள் போயே போய்விடுவார்கள். பலமான குதிரை முப்பது நாற்பது மீட்டர் பின்னால் நின்று புறப்பட வேண்டும் என்று ஒரு விதியும் உண்டு.

வெங்கடசாமி பிஜியில் பா என்ற ஊரில் பிறந்தவர். 1988இல் மனைவி ஜெயம்மாவோடு ஆக்லாந்துக்கு வந்து, ஒரு பட்டறையில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்தார். மவுண்ட் ரோஸ்கில்லில் வீடு. கூட வேலை செய்தவன் ஒரு நாள் அவரைப் பந்தயத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். வெங்கடசாமி அன்றைக்கும் பணம் கட்டவில்லை, பிறகும் கட்டியதில்லை. அவரைப் பிடித்துக்கொண்டது வேறு. கடைசித் திருப்பத்தில் பதினான்கு குதிரைகளும் ஒரே கும்பலாகத் திரும்பியபோது எது ஜெயிக்கும் என்று பக்கத்தில் நின்ற ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு கணம் அவருக்குப் போதுமாக இருந்தது. சில வருஷங்களில் தெற்கே புகெகோஹே பக்கம் கொஞ்சம் புல்வெளியைக் குத்தகைக்கு எடுத்து, பயிற்சியாளர் லைசென்ஸும் ஓட்டுநர் லைசென்ஸும் வாங்கிவிட்டார்.

"நம்ம வீட்ல முதல் இடம் குதிரைக்கு, ரெண்டாவது இடம் சாணிக்கு. நான் மூணாவதா வந்துகிட்டிருக்கேன்" என்று ஜெயம்மா விருந்தாளிகளிடம் சொல்வாள்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது, ஒன்றுதான் இருந்தது. நல்ல குதிரைகள் நிற்கிற வரிசையில் தானும் நின்று மார்ச் கோப்பையை ஒரு தடவை ஜெயிக்க வேண்டும். இன்னும் திட்டமாகச் சொன்னால், கெவினை ஜெயிக்க வேண்டும்.

கெவின் பக்கத்து நிலத்துக்காரன். பெரிய தாடி, கெட்ட வாய். அவனுடைய குதிரைகள் இரண்டு தடவை கோப்பையை வாங்கியிருந்தன. 2019இல் வெங்கடசாமியின் பெண்குதிரை ராக்கிராக்கி ரோஸை, வீட்டில் எல்லோருக்கும் ரோஸி, ஒரு தலையளவில் முந்தி மூன்றாவது தடவையும் வாங்கினான். இறங்கி வந்து கையைக் கொடுத்து, "சாமி, இன்னும் பத்து மீட்டர் தூரம் இருந்திருந்தால் நீ என்னைத் தின்றிருப்பாய். அடுத்த தடவை வா" என்றான். அந்தத் தோல்வியை வெங்கடசாமி வருஷக்கணக்கில் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த தடவை வரத்தான் இல்லை. நல்ல குட்டிகளை இரண்டு வயதிலேயே ஆஸ்திரேலியாவுக்கு விற்றார்கள். வயதான பயிற்சியாளர்கள் நிலத்தை வீடு கட்டுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டு ஓய்ந்தார்கள். குதிரைகள் குறையக் குறைய ஒரே பெரிய லாயத்தின் குதிரைகள் பாதி வரிசையை நிரப்பின. அவை ஒன்றையொன்று அவசரமில்லாமல் பின்தொடர்ந்து வந்து முடித்தன. கிளப் பரிசைக் கூட்டிப் பார்த்தது. "காசைக் கூட்டினால் குதிரை குட்டி போடுமா?" என்று கெவின் கேட்டான். 2023இல் அவனும் மூட்டை கட்டிக்கொண்டு தெற்குத் தீவுக்குப் போனான். அங்கே இன்னும் வரிசை நிறைகிறது என்றான்.

இதில் விதியின் கேலி என்னவென்றால், வெங்கடசாமியின் கைக்கு வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு அருமையான குதிரை வந்தது அப்போதுதான். மில் விசில் என்று பெயர். அதில் கால் பங்கு ஆனந்தராசாவுக்கு. யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற கணக்காளர், வெங்கடசாமி வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருப்பவர்.

மில் விசிலைப் பழக்கியது ரோஸிதான். வெங்கடசாமியின் முறை இது: காலையில் இரண்டையும் சேர்த்து ஓட்டுவார், உதவிக்கு வரும் ஒரு பையன் ஓட்ட ரோஸி வேலிப்பக்கம், முன்னால், அவர் ஓட்ட விசில் வெளிப்பக்கம், அவளைத் துரத்திக்கொண்டு. கடைசியில் விசிலின் வாரைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, ரோஸி ஒரு கழுத்தளவு முன்னால் இருக்கும்போது "போதும்மா" என்பார். ரோஸி அந்தச் சொல்லுக்குச் சட்டென்று நிற்பாள். துரத்துகிற குதிரைக்கு வேகம் வரும், துரத்தப்படுகிற குதிரைக்கு மனம் கெடாது என்பது அவர் கணக்கு. விசில் வருவதற்கு முன்பு மற்றக் குதிரைகளையும் இப்படித்தான் பழக்கினார்; ஆறு வருஷமாக ரோஸி ஒரு காலையிலும் தோற்றதில்லை.

2025 கோப்பைக்கு மூன்று நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, கிளப்பிலிருந்து போன் வந்தது. அலுவலகப் பெண் நல்லவள், வருத்தத்தோடுதான் பேசினாள். ஐந்து பெயர்கள்தான் வந்திருக்கின்றன. ஆறு இல்லாவிட்டால் பந்தயம் ரத்து.

"உங்களிடம் இன்னொரு குதிரை இருக்கிறதே, மிஸ்டர் சாமி?"

ரோஸிக்குப் பதினொரு வயது. பந்தயத்தில் ஓடி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஓடத் தகுதி இருந்தது, கால் சூடு இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தார். அடுத்த மார்ச்சில் விசில் இப்படியே இருக்குமா, கோப்பையே இருக்குமா என்று ஒரு தேநீர் ஆறுகிற நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கூப்பிட்டு ஆறாவது பெயரைக் கொடுத்தார்.

"அவளை எதுக்குங்க இழுக்குறீங்க?" என்றாள் ஜெயம்மா. "ஓய்வா புல்லு திங்கிறவளை."

"சும்மா வரிசைக்குத்தான். பின்னால வந்துருவா. அன்னைக்கு அவளை ஓட்டப்போற பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், அடிக்காதேன்னு."

"அவ பின்னால வந்து நீங்க எப்பப் பாத்தீங்க?"

அவர் லாயத்துக்குப் போய் ரோஸியின் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை மாலை வெயில் இன்னும் இருந்தது. குதிரைகளைக் கட்டியிருந்த கூண்டுப்பக்கம் நின்ற ஆனந்தராசா அட்டவணையைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணை, உது பந்தயமோ, உங்கட குடும்ப ஒன்றுகூடலோ? ஆறில ரெண்டு உங்கட. மூண்டு அந்தப் பெரிய லாயத்தின்ர. மிச்சம் ஒண்டு ஆரோ கமக்காரன்ர. அது வைக்கோல் வண்டி இழுத்திட்டு நேர வந்திருக்குப் போல."

"சிரிக்காதே ஐயா. கெவின் இருந்தா இப்பிடிப் பேசுவியா?"

"கெவின் இருந்தா நான் கதைக்கவே மாட்டன். வயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன்."

புறப்படும் கோட்டில் குறுக்கே கட்டிய நாடா விலகியது. ரோஸி முதல் வரிசையிலிருந்து புறப்பட்டாள். விசில் முப்பது மீட்டர் பின்னால். ஓட்டியவர் வெங்கடசாமியே. பெரிய லாயத்துக் குதிரைகள் மூன்றையும் அவர் தாண்டியது கடைக்குப் போகிறவர்களைத் தாண்டுவதுபோல இருந்தது. ஓட்டுநர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த விவசாயியின் குதிரை நடை தப்பிப் பின்தங்கியது. கடைசித் திருப்பத்தில், எது ஜெயிக்கும் என்று யாரும் சொல்ல முடியாமல் இருக்க வேண்டிய அந்த இடத்தில், அவருக்கு முன்னால் ஒரே ஒரு வண்டிதான் இருந்தது. வேலிப்பக்கம், ரோஸி.

ஓட்டிய பெண் சாட்டையைத் தூக்கவே இல்லை. தூக்கத் தேவையும் இல்லை. விசிலின் குளம்புச் சத்தம் வெளிப்பக்கம் நெருங்கியதும் ரோஸிக்குக் காலைப் பயிற்சி நினைவுக்கு வந்துவிட்டது. ஒரு காதைப் பின்னால் திருப்பினாள். கழுத்தை நீட்டினாள். எட்டு மாதமாகப் பந்தயத்தில் ஓடாத பதினொரு வயதுக் குதிரை, ஒரு கழுத்தளவு முன்னால் இருந்தே தீருவேன் என்று ஓடினாள்.

வெங்கடசாமி விசிலின் வாரை இழுத்துப் பிடிக்க முடியாது. ஒவ்வொரு ஓட்டுநரும் ஜெயிக்கவே ஓட்ட வேண்டும்; பிடித்தால் குற்றம், நடுவர்கள் மேலிருந்து பார்க்கிறார்கள். அவளுடைய மூச்சு அவருக்குக் கேட்டது. அதில் ஒரு கரகரப்பு இருந்தது. "போதும்மா" என்று ஒரு சொல் போதும், அவள் நின்றுவிடுவாள். அந்தச் சொல் அவர் நாக்கில் வந்து நின்றது. எதிரிக் குதிரையைக் குரல் கொடுத்து நிறுத்திவிட்டு வாங்குகிற கோப்பை என்ன கோப்பை? அவர் வாயை இறுக்கிக்கொண்டு விசிலை விரட்டினார். கோட்டில் விசில் ஒரு தலையளவு முன்னால் இருந்தது.

கோட்டைத் தாண்டிச் சில எட்டுகளில் ரோஸியின் முன்னங்கால் மடங்கியது.

கோப்பையைக் கொடுத்தபோது கைதட்டல் கேட்டது. அதிகம் பேர் இல்லாததால் யார் யார் தட்டினார்கள் என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. புகைப்படத்தில் வெங்கடசாமி கேமராவைப் பார்க்கவில்லை. ரோஸியின் கால் தசைநார் முழுதும் அறுந்துவிட்டது என்று மிருக வைத்தியர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை, அவளுடைய புல்வெளியிலேயே வலியில்லாமல் போகக் கடைசி ஊசி போட்டார். ஜெயம்மா அவள் முகத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று வெங்கடசாமிக்கு இருந்தது.

ஒரு வாரம் கழித்து வெங்கடசாமி ஆனந்தராசாவிடம் சொன்னார்: "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பா."

"சொல்லியிருந்தா லைசென்ஸைப் பறிச்சிருப்பாங்கள்."

"அங்கே எவனுக்கு ஐயா தமிழ் தெரியும்?"

"எனக்குத் தெரியும், அண்ணை" என்றார் ஆனந்தராசா.

"ஆமா. அதுவும்தான்."

கோப்பை ஃபிரிட்ஜுக்கு மேலே போய் உட்கார்ந்தது. ஜெயித்தவர் ஒரு வருஷம் வைத்திருந்து, அடுத்த பந்தயத்துக்கு முன் துலக்கித் திருப்பிக் கொடுப்பது வழக்கம். அதில் பெயர் பொறிக்க எழுத்துக்களைக் கேட்டுக் கிளப் கடிதம் போட்டது. பிப்ரவரிக்குள் கோப்பை வந்து சேர வேண்டும் என்று இன்னொரு கடிதம். இரண்டாவது கடிதத்தை அவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். திருப்பிக் கொடுக்கலாம்; திரும்பவும் ஓடலாம். இந்தத் தடவை உண்மையான வரிசையில்.

கெவினுக்குப் போன் செய்தார். ரோஸியின் செய்தியைக் கேட்டு அவன் கெட்ட வார்த்தை எதுவும் சொல்லவில்லை. அதுவே பெரிய துக்க விசாரிப்பு.

"கோப்பை உன்னிடம்தானே இருக்கிறது, சாமி?"

"இருக்கு. ஆனா நீ இல்லாம வாங்கினது. மார்ச்சுக்கு வா. குதிரையைக் கப்பல்ல கொண்டுவர்ற செலவுல பாதி என்னோடது."

"பாதி வேண்டாம். நீ தோற்றால் முழுதும் கொடு" என்றான் கெவின். இரண்டு குதிரைகள் கொண்டுவருவதாகவும், பக்கத்தில் இருக்கிற இன்னொருவனையும் கிளப்பிவிடுவதாகவும் சொன்னான்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான அந்த ஊர்க் குளிர்காலம் முழுக்க வெங்கடசாமி விசிலைத் தனியாகப் பழக்கினார். அது சரியாக ஓடவில்லை. நேரான பாதையில் வந்ததும் வேலிப்பக்கம் தலையைத் திருப்பும். அங்கே ஒருவரும் இல்லை என்று கண்டதும் வேகம் தளரும். வாடகைக்கு ஒரு குதிரை தேடிப் பார்த்தார். பக்கத்து நிலங்களில் இப்போது குதிரைகள் இல்லை. கூரை போட்டு முடிக்காத வீடுகள் இருந்தன. பரவாயில்லை, கெவின் வந்தால் விசிலுக்குத் துரத்த ஆள் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டார். சாப்பாட்டு மேசையில் துணியை விரித்து, ஆறு மாதம் முன்னதாகவே கோப்பையைத் துலக்க ஆரம்பித்தார். ஜெயம்மா அவர் எதிரில் உட்கார்ந்து கைப்பிடிகளைத் துலக்கினாள். மார்ச்சுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது.

துலக்கி முடிப்பதற்குள் கிளப்பின் மூன்றாவது கடிதம் வந்தது. கடைசிக் கடிதமும் அதுதான். போதிய பெயர்கள் வராத காரணத்தால் மார்ச் கோப்பை அடுத்த பருவத்திலிருந்து அட்டவணையில் இராது. கடைசியாக ஜெயித்தவர் என்ற முறையில் திரு. வெங்கடசாமி கோப்பையைத் தாமே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம், வாழ்த்துகள். தபால்காரர் அதைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனது 2025 செப்டம்பர் 16, செவ்வாய்க்கிழமை.