செல்வராசு தாங்கிய கை

செல்வராசு இறந்த செய்தி, நம் பிசியோதெரபிஸ்டுகளின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கும் வந்தது. அரியலூரில் என் சிகிச்சை அறையில் ஓர் அம்மாவுக்கு முழங்கால் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். மாரடைப்பு, அரும்பாவூரில் வீட்டிலேயே முடிந்துவிட்டது. அந்த அம்மா கிளம்புவதற்குள் குழு முழுவதும் கூப்பிய கைகளால் நிரம்பிவிட்டது. பெரம்பலூரில் அவர் நடத்திய தோள்பட்டைப் பயிற்சி வகுப்பை ஒருநாளும் எட்டிப் பார்க்காதவர்களின் கைகளும் அதில் இருந்தன.

எனக்கும் அவருக்கும் ஆகாது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இறந்துவிட்டார் என்பதற்காக அதை மாற்றிச் சொல்லப் போவதில்லை. பிசியோதெரபிஸ்டுகளுக்கு அப்படி ஒரு வகுப்பு வேண்டும் என்று அலைந்தவன் நான். இடம் கேட்டு ஏறி இறங்கியவனும், பாடத்திட்டம் எழுதியவனும் நான். நம் சங்க நிர்வாகத்தினர் தலைமைப் பயிற்றுநராக அவரைப் போட்டார்கள். அவர் மறுத்திருக்கலாம். "குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன் சார். எனக்கும் ஆசை இருந்துச்சு" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அதன்பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

வகுப்பில் அவருடைய முதல் பாடம், படித்தவர்களுக்கு மறந்திருக்காது. நோயாளியின் கையைத் தூக்கக் கூடாது. முழங்கைக்கு அடியில் உள்ளங்கையை வைத்துத் தாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். வலிக்குப் பயந்தவர் தன் கையைத் தானே பிடித்து வைத்திருப்பார். அந்தக் கை நம் உள்ளங்கையில் கனமில்லாமல் இருக்கும். பயம் தணிந்தால்தான் முழு எடையும் நம்மிடம் இறங்கும். "கனம் வந்துச்சா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே நடப்பார். வரவில்லை என்றால், "அப்ப அவரு உங்கள இன்னும் நம்பல. பேச்சுக் குடுங்க" என்பார். இதற்கு ஒரு காலைப் பொழுது முழுவதையும் கொடுத்தது அதிகம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

பிறகு சிறுவாச்சூர் அருகே நெடுஞ்சாலையில் பைக்கிலிருந்து விழுந்தேன். வலது தோளில் தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சை ஆனது. நம் தொழிலில் வலது கை போனால் என்ன மிஞ்சும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருச்சி வரை போய்ப் பார்த்தும் தோள் இறுகிக்கொண்டே வந்தது. "அந்த செல்வராசு சார்கிட்டயே போங்க. வீம்பு பாத்தா கைதான் போவும்" என்று என் மனைவிதான் தள்ளிவிட்டாள்.

போன அன்று வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வகுப்பின் பயிற்சி மேசையிலேயே என்னைப் படுக்கச் சொன்னார். "சார் நம்ம ஆளு. வலிச்சாலும் சொல்ல மாட்டாரு, மூஞ்சியப் பாருங்க" என்று எல்லோரையும் கூப்பிட்டார். ஒவ்வொருவராக என் கையைத் தாங்கினார்கள்.

"கனம் வரல சார்."

"எனக்கும் வரல சார்."

"எப்படி வரும்? இந்தப் பாடத்த எழுதுனதே அவருதான். நமக்குப் பரீட்சை வைக்கிறாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் காயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பாடத்திட்டத்தை எழுதியவன் நான் என்று ஊரறிய ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை என்பது வீட்டுக்குப் போன பிறகே உறைத்தது.

அவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, அவரே என் கையைத் தாங்கியபடி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"விடுங்க சார்."

"விட்டுத்தான் இருக்கேன்."

"இல்ல, பிடிச்சிருக்கீங்க."

"உங்ககிட்ட எப்படிய்யா விடுறது?" என்று கத்திவிட்டேன். "நான் உண்டாக்குன எடத்துல நீங்க உக்காந்திருக்கீங்க."

அவர் உள்ளங்கை அசையவில்லை. "ஆமா, உக்காந்திருக்கேன். அந்தக் கோவத்த நீங்களே வச்சுக்கங்க, நான் கேக்கல. கைய மட்டும் குடுங்க."

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வெகுநேரம் கழித்து, "வந்துருச்சு" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

அதன்பிறகு மாதக்கணக்கில் அரியலூரிலிருந்து பஸ் ஏறிப் போய்வந்தேன். சிகிச்சையைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. நான் நன்றி சொல்லவில்லை. இருவருக்கும் ராசியாகிவிட்டது என்று அவரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

இப்போது அந்த வகுப்பை நடத்த என்னைக் கேட்கிறார்கள். ஆள் போன பிறகு கொடுப்பது எனக்குச் செய்யும் நியாயமாகாது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இந்த வலது கைதான். தலைக்கு மேல் உயர்கிறது, பிறர் கையைத் தாங்குகிறது. கோபத்தை விட்டுவிட்டுப் பிழைக்கும் வழியைப் பார் என்று எத்தனையோ பேர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொல்லாமலே என்னைப் பிழைக்க வைத்தவர் அவர் ஒருவர்தான்.